எம்மா எழுதினால் டைரி, புரூதோன் எழுதினால் தத்துவமா?

பழையபேப்பர்:

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அடுத்து அனார்க்கிசம், அதாவது அரசே வேண்டாம் என்னும் கொள்கை, என்று முடிவாகியிருக்கிறது. பட்டியல் போடும்போதே சண்டை. அதன் பெரிய ஆண் சிந்தனையாளர்களான புரூதோன், பக்கூனின், குரோப்போட்கின் மூவரும் 'கோட்பாடு' என்ற தலைப்புக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அமெரிக்காவில் பேசியும் எழுதியும் வந்த அனார்க்கிஸ்ட் எம்மா கோல்ட்மன் மட்டும் 'வாழ்க்கை வரலாறு'. ஏன் என்று கேட்டதற்கு, "அவங்க உணர்ச்சிவசப்பட்டு எழுதுறவங்க. படிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல தியரி கிடையாது" என்றார் ஒரு தோழர். நிறையப் படிக்கிறவர், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் விஷயத்தை இங்கே கொண்டுவருகிறேன்.

எம்மாவின் தன்வரலாறு 1931-இல் இரண்டு பாகமாக வந்தது. அதில் ஒரு காட்சி. 1892-இல் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலைப் போராட்டத்தின்போது, ஆலையை நடத்திய ஹென்றி ஃப்ரிக்கை எம்மாவின் தோழர் பெர்க்மன் சுட்டார். ஃப்ரிக் பிழைத்துக்கொண்டார், பெர்க்மனுக்கு 22 வருடத் தண்டனை. அதுவரை இப்படிப்பட்ட செயல்களைப் புகழ்ந்து மேடைக்கு மேடை முழங்கிய அனார்க்கிஸ்ட் பேச்சாளர் யோஹான் மோஸ்ட், பெர்க்மனைப் பற்றி ஏளனமாக எழுத ஆரம்பித்தார். எம்மா அவருடைய கூட்டத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்கிறார். நீண்ட சாம்பல் நிற மேலங்கி, அதற்குள் குதிரைச் சாட்டை. எழுந்து, "நீங்கள் சொன்னதற்கு ஆதாரம் கொடுங்கள்" என்று கேட்கிறார். மோஸ்ட் வாய்க்குள் முணுமுணுத்த பதில், ஏதோ ஹிஸ்டீரியா பிடித்த பெண் என்பது. அவ்வளவுதான், முகத்திலும் கழுத்திலும் சாட்டையடி. பிறகு சாட்டையை முழங்காலில் வைத்து முறித்து, துண்டுகளை அவர் மேலேயே வீசிவிட்டு வருகிறார்.

எல்லோரும் சாட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்த முணுமுணுப்புதான் முக்கியம். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துத் தெரிந்துகொண்டு 1885-இல் குண்டு செய்முறைப் புத்தகமே போட்ட மனிதர் மோஸ்ட். அவருடைய கோபம் 'புரட்சி அறிவியல்'. ஆதாரம் கேட்ட பெண்ணுக்கு ஹிஸ்டீரியா. இந்தக் கணக்கு யார் போட்டது?

குறுக்குக்கேள்வி:

நல்ல கேள்வி, ஆனால் உதாரணம் உங்களுக்கே எதிராக நிற்கிறது. ஆதாரம் கேட்டது வாதம். சாட்டையை எடுத்தது வாதம் இல்லை. பின்னாளில் அதற்காக எம்மாவே வருத்தப்பட்டிருக்கிறார்.

இன்னொன்று. குரோப்போட்கினும் தன்வரலாறு எழுதியிருக்கிறார், 1899-இல் வந்தது. அதை யாரும் கோட்பாட்டுப் பட்டியலில் வைப்பதில்லை. எம்மாவுக்கு 1910-இல் வந்த கட்டுரைத் தொகுப்பு இருக்கிறது. கல்யாணம், தேசப்பற்று, சிறை, பெண் வாக்குரிமை எல்லாவற்றையும் பற்றி அதில் நேரடியாக வாதாடுகிறார். அதை எடுத்துக் கோட்பாட்டில் வையுங்கள், நானே கை தூக்குகிறேன். டைரியையும் கடிதத்தையும் தூக்கி 'இதுவும் தியரிதான்' என்று சொல்வது அவருக்குச் சலுகை காட்டுவது மாதிரி. ஆண் எழுதினால் வாதம் தேடுவோம், பெண் எழுதினால் கண்ணீரே போதும் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

இரண்டாம்ஷிப்ட்:

கண்ணீரே போதும் என்று பழையபேப்பர் எங்கே சொன்னார்?

சரி, ஆண்களுடைய 'வாதம்' எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். புரூதோன் 1858-இல் எழுதிய நூலில் ஒரு கணக்கு போடுகிறார். உடல் வலிமையில் ஆணும் பெண்ணும் 3-க்கு 2. அறிவிலும் 3-க்கு 2. ஒழுக்கத்திலும் அதே 3-க்கு 2. மூன்றையும் பெருக்கினால் 27-க்கு 8. ஆகவே ஆணின் மதிப்பு 27, பெண்ணின் மதிப்பு 8. கிண்டலுக்கு எழுதியதில்லை, மனதார எழுதியது. சொத்து என்பது திருட்டு என்று உலகத்துக்கே சொன்ன மூளை, வீட்டுக்குள் வந்ததும் வாய்ப்பாடு ஒப்பிக்கிறது.

அந்த 3-க்கு 2 எங்கிருந்து வந்தது? யாரை அளந்தார்? பயமும் எரிச்சலும் எண் வேஷம் போட்டு வந்தவை அவை. எண்ணாக இருப்பதால் நம் கண்ணுக்கு உணர்ச்சியாகத் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவருக்குப் பதில் எழுதிய ழென்னி தெரிகூர் அவர் பிறந்த அதே பெசான்சோன் ஊரில், அதே 1809-இல் பிறந்தவர். மருத்துவச்சி. அந்த நூல் வருவதற்கு முன்பே, 1856 கடைசியில், பத்திரிகையில் புரூதோனுடைய கருத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப்போட்டார், 1860-இல் புத்தகமாகவும் எழுதினார். புரூதோன் ஒரு பெண்ணோடு சரிக்குச் சமமாக விவாதிக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். இதில் யார் வாதம் செய்தது, யார் கோபித்துக்கொண்டது?

தெற்குத்தெரு:

27-க்கு 8. எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் போட்டால் நன்றாக இருக்கும்.

எலுமிச்சை:

இரண்டாம்ஷிப்ட் அக்கா சொன்னதை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுக்கலாம். இங்கிலாந்தில் 1790-இல் எட்மண்ட் பர்க் என்ற அரசியல்வாதி பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டி எழுதிய புத்தகத்தில் ராணி மேரி அந்துவனெத்துக்காக உருகி உருகி அழுகிறார். அதற்கு முதலில் பதில் எழுதியவர்களில் ஒருவர், பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட். அவருடைய குற்றச்சாட்டே, பர்க் அலங்காரக் கண்ணீர் விடுகிறார், பசியில் கிடப்பவனைப் பார்க்கவில்லை என்பதுதான். 'உணர்ச்சிவசப்படாதே' என்று பெண் ஆணைப் பார்த்துச் சொல்கிறாள். முதல் பதிப்பில் பெயர் கிடையாது. சில வாரங்களில் பெயரோடு இரண்டாம் பதிப்பு வந்தது. எழுதியது பெண் என்று தெரிந்ததும் விமர்சனங்களின் குரலும் மாறியது. எழுத்து அதேதான்.

அவரைக் கட்டிக்கொண்டவர் வில்லியம் காட்வின். அனார்க்கிசத்தின் மூதாதை என்று இன்று நாம் சொல்கிறவர். 1793-இல் அவர் எழுதிய பெரிய நூலில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. வீடு தீப்பிடித்து எரிகிறது, உள்ளே ஃபெனலோன் என்ற அறிஞரும் ஒரு வேலைக்காரியும். ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். அறிஞரைக் காப்பாற்று, அந்த வேலைக்காரி உன் தாயாகவே இருந்தாலும் சரி என்கிறார் காட்வின். அவ்வளவு கறார். (அடுத்த பதிப்பில் வேலைக்காரியை வேலைக்காரனாக்கினார், தாயைத் தந்தையாக்கினார். என்னவோ.)

1797 செப்டம்பர் 10. மகள் பிறந்து பத்தே நாளில் மேரி இறந்துபோகிறார். காட்வின் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவர், யாரைப் பார்த்தேன், என்ன படித்தேன் என்று சுருக்கமாக. அன்றைக்கு மணி மட்டும் குறித்திருக்கிறார், எட்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது என்று. அதற்கப்புறம் எழுத்து இல்லை, வெறும் கோடுகள்.

பின்னால் வந்த பதிப்புகளில் உணர்ச்சிக்கு அவர் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறார் என்பது ஆய்வாளர்கள் காட்டியிருக்கும் விஷயம். அதில் மேரிக்கு எவ்வளவு பங்கு என்று அளக்க முடியாது. ஆனால் அந்தக் கோடுகளை விட்டுவிட்டு அவருடைய கோட்பாட்டை மட்டும் படிக்க எனக்கு வராது.

குறுக்குக்கேள்வி:

எலுமிச்சை, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் கதையை முக்கியமான இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டீர்கள். 1798 ஜனவரியில் காட்வின் மனைவியின் வாழ்க்கையை எழுதி வெளியிட்டார். இம்லே என்ற அமெரிக்கரோடு இருந்த உறவு, கல்யாணமில்லாமல் பிறந்த குழந்தை, இரண்டு தற்கொலை முயற்சிகள், எல்லாம் அதில். இம்லேக்கு எழுதிய காதல் கடிதங்களையும் அச்சில் போட்டார். மறைக்க எதுவும் இல்லை என்ற நேர்மையில் செய்ததுதான். விளைவு? ஒரு பழமைவாதப் பத்திரிகை தன் பொருளகராதியில் 'விபச்சாரம்' என்ற சொல்லுக்கு எதிரே 'பார்க்க: மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்' என்று போட்டது. சௌதி என்ற கவிஞர், செத்த மனைவியின் துணியை உருவிவிட்டான் என்ற அர்த்தத்தில் எழுதினார். அடுத்த நூறு வருடம் பெண்ணுரிமை பேசிய பலரே அவர் பெயரை எடுக்கத் தயங்கினார்கள்.

எழுத்தையும் வாழ்க்கையையும் உணர்ச்சியையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தால் அதற்கு விலை கொடுப்பவர் யார்? அந்தப் பெண்தான். என் பயம் இதுதான். நான் தியரியின் காவலாளி இல்லை.

பழையபேப்பர்:

இதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் உங்களோடு சண்டையே போட்டிருக்க மாட்டேன்.

ஆனால் பாருங்கள், சௌதிக்குக் கோபம் காட்வினுக்கு உணர்ச்சி இல்லை என்று. மற்றவர்களுக்குக் கோபம் மேரிக்கு உணர்ச்சி அதிகம் என்று. ஒரே புத்தகத்துக்கு இரண்டு பில்.

எம்மாவுக்கும் இதே தலைவலி இருந்தது. 1908-இல் சிகாகோவில் பென் ரைட்மனைச் சந்திக்கிறார். தெருவில் திரிகிறவர்கள், பாலியல் தொழிலாளிகள், கையில் காசில்லாதவர்கள், இவர்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். போலீஸ் எம்மாவுக்கு மண்டபம் கிடைக்கவிடாமல் செய்தபோது தன் இடத்தைக் கொடுக்க முன்வந்தவர். அடுத்த பத்து வருடம் எம்மாவின் கூட்டங்களை ஏற்பாடு செய்தார். காதலர். ஊருக்கு ஊர் வேறு பெண்களோடும் தொடர்பு.

இந்தக் காலத்தில்தான் எம்மா பொறாமையைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்துகிறார். பொறாமை இயற்கை இல்லை, உடைமை மனோபாவமும் மதமும் சேர்ந்து வளர்த்தது, பெண்ணை ஆணின் சொத்தாக்கிய ஏற்பாட்டின் வாரிசு என்று. அருமையான வாதம். அதே எம்மா ராத்திரி ரைட்மனுக்குக் கடிதம் எழுதுகிறார், பொறாமையில் வெந்து. கெஞ்சல், கோபம், காமம், அவமானம் எல்லாம் ஒரே பக்கத்தில். இந்தக் கடிதங்கள் வெளியே வந்தால், துணிச்சல்காரி என்று நினைத்த எம்மா இவ்வளவு கையாலாகாதவளா என்று உலகம் வாயைப் பிளக்கும் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதுகிறார்.

வெளியேதான் வந்தன. 1975-இல் ஆய்வாளர் கேண்டஸ் ஃபாக் சிகாகோவில் ஒரு கித்தார் கடைக்கு நண்பரோடு போகிறார். கூட வந்த நாயின் பெயர் ரெட் எம்மா. பெயரைக் கேட்ட கடைக்காரருக்கு, கடையின் பின்பக்கம் கிடக்கும் ஒரு பெட்டியில் எம்மாவின் கடிதங்களைப் பார்த்த ஞாபகம் வருகிறது. ஃபாக் அதை வைத்து 1984-இல் புத்தகம் எழுதினார்.

என் கேள்வி: சொற்பொழிவு மட்டும் கோட்பாடு, கடிதம் அந்தரங்கம் என்று பிரித்தால் என்ன கிடைக்கும்? பொறாமை சமூகம் உண்டாக்கியது, ஆகவே புத்தி தெளிந்தால் போய்விடும் என்ற ஒரு சுலபமான எம்மா கிடைப்பார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் கஷ்டமான கேள்வி வருகிறது. அடிமைத்தனம் நம் உடம்புக்குள் உட்கார்ந்திருந்தால் அதைக் கொள்கை மட்டும் வைத்து வெளியேற்ற முடியுமா? இந்தக் கேள்வியைச் சொற்பொழிவு எழுப்பவில்லை. கடிதங்கள்தான் எழுப்புகின்றன.

தெற்குத்தெரு:

ஊருக்கு உபதேசம் என்று இதைச் சொல்வார்கள் எங்கள் பக்கம்.

இரண்டாம்ஷிப்ட்:

தெற்குத்தெரு, அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள். அரசே கூடாது என்று எழுதிவிட்டு 1848-இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகி உட்கார்ந்தார் புரூதோன். அதை 'முரண்பாடு' என்று மரியாதையாகச் சொல்லி ஆராய்ச்சி செய்கிறோம். எம்மா காதலில் தடுமாறினால் ஊருக்கு உபதேசம்.

அது போகட்டும். இதுவரை கடிதம், டைரி என்றே பேசுகிறோம். எனக்குப் பத்திரிகைகள்தான் முக்கியம். தனியாக அழுவது வேறு, கூட்டாகக் கோபப்படுவது வேறு.

1896 ஜனவரியில் புவெனஸ் அய்ரெஸில் பெண்கள் ஒரு தாள் போட்டார்கள், பெயர் 'பெண்ணின் குரல்'. கடவுளும் வேண்டாம், முதலாளியும் வேண்டாம், புருஷனும் வேண்டாம் என்ற முழக்கத்தோடு இன்று நினைவில் இருப்பது அதுதான். எப்போது வரும் என்ற இடத்தில் 'முடியும்போது வரும்' என்று போட்டிருந்தார்கள். காசு சந்தா மூலம், கொடுக்கிறவர் கொடுப்பது. அழுது அழுது சலித்துப்போய்த்தான் எழுத வந்தோம் என்று முதல் தலையங்கமே ஆரம்பிக்கிறது. ஆண் தோழர்களில் பலருக்குக் கொதித்துவிட்டது. இரண்டாவது இதழிலேயே அவர்களை வண்டுகள் என்று கூப்பிட்டுப் பதில் கொடுத்தார்கள். நீங்கள் கேட்கிற விடுதலை உங்களுக்கு மட்டும், வீட்டில் எங்களை அடக்கி வைத்துக்கொண்டே மேடையில் அனார்க்கிசம் பேசுகிறீர்கள் என்பதுதான் சாரம். ஒன்பது இதழோடு 1897-இல் நின்றுபோனது.

ஸ்பெயினில் லூசியா சாஞ்செஸ் சாவோர்னில். மாட்ரிட்டில் தொலைபேசி நிலையத்தில் வேலை. இளவயதில் ஆண் பெயரில் கவிதை எழுதினார், லூசியானோ என்று. பெண்களைக் காதலித்தவர், அந்தக் காலத்தில் ஆண் பெயர் இருந்தால்தான் பெண்ணைப் பற்றிக் காதல் கவிதை அச்சேறும். 1935-இல் பார்சிலோனாவில் அனார்க்கிஸ்ட் தொழிற்சங்கத்தின் நாளிதழில், நம் இயக்கத்துக்குள் பெண் பிரச்சினை என்று தொடர் எழுதினார், சொந்தப் பெயரில். வாஸ்கெஸ் என்ற சங்கத் தலைவர் பதில் எழுதி, நாளிதழிலேயே பெண்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம் என்றார். வேண்டாம், எங்களுக்குத் தனிப் பத்திரிகையே வரப்போகிறது என்றார் லூசியா. 1936 மே மாதம் வந்தது, 'முஹெரெஸ் லிப்ரெஸ்', சுதந்திரப் பெண்கள். அவரோடு மெர்செதெஸ் கொமபொசாதா, டாக்டர் அம்பாரோ போக். ஜூலையில் உள்நாட்டுப் போர். அதன் நடுவே அது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்த அமைப்பாக வளர்ந்தது. எழுத்தறிவு வகுப்பு, தொழிற்பயிற்சி, குழந்தை பராமரிப்பு. 1938-இல் இயக்கத்தின் மற்ற கிளைகளைப் போல எங்களையும் அங்கீகரியுங்கள் என்று கேட்டார்கள். ஒற்றுமை கெடும் என்று மறுத்துவிட்டார்கள்.

ஒரு பக்கம் தருகிறேன் என்பதற்கும் அங்கீகாரம் கிடையாது என்பதற்கும் நடுவில் மூன்று வருடம். குறுக்குக்கேள்வி, இதில் உங்கள் 'தியரி' எந்தப் பக்கம் இருந்தது?

குறுக்குக்கேள்வி:

லூசியாவின் பக்கம். அதைத்தானே நானும் சொல்கிறேன். அவர் எழுதியது தெளிவான வாதம், கடிதக் குவியல் இல்லை. அந்தப் பெண்கள் தங்களைப் பெண்ணியவாதிகள் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. பெண்ணியம் அவர்களுக்கு மேல்தட்டுப் பெண்களின் வாக்குரிமைக் கிளர்ச்சி. நாம் இன்று அவர்களுக்கு நம் பெயரை ஒட்டுகிறோம், நம் உணர்ச்சியையும் சேர்த்து ஒட்டுகிறோம்.

டி-ஷர்ட் வாசகம் தெரியும்தானே? 'ஆட முடியாவிட்டால் உங்கள் புரட்சி எனக்கு வேண்டாம்.' எம்மா அப்படி ஒரு வாக்கியம் எழுதவே இல்லை. 1970-களில் நியூயார்க்கில் நிதி திரட்ட டி-ஷர்ட் அச்சடித்தவர் போட்டுக்கொண்ட வாசகம். மகிழ்ச்சியான எம்மா விற்கும். அவ்வளவுதான்.

எலுமிச்சை:

வாசகம் அவருடையது இல்லை, சம்பவம் அவருடையது. ஒரு நடன நிகழ்ச்சியில் அவர் சோர்வில்லாமல் ஆடிக்கொண்டிருக்க, பெர்க்மனின் உறவுப் பையன் ஒருவன், யாரோ செத்துப்போன செய்தி சொல்ல வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தனியே கூப்பிட்டு, ஒரு கிளர்ச்சியாளர் இப்படி ஆடுவது இயக்கத்துக்குக் கெட்ட பெயர் என்கிறான். எம்மா வெடிக்கிறார். என்னைக் கன்னியாஸ்திரி ஆக்கப் பார்க்கும் இயக்கம் எனக்கு எதற்கு, அழகானவை எல்லோருக்கும் உரிமை, சிறையும் வழக்கும் வந்தாலும் அதை விடமாட்டேன் என்று. இந்தப் பத்தி டி-ஷர்ட்டில் அடங்காது. அவர் சொல்வது மகிழ்ச்சியாக இரு என்று இல்லை. இயக்கம் கேட்கும் தியாகத்துக்கு எல்லை எது என்பதைத்தான் அங்கே வாதாடுகிறார். கோட்பாடு இல்லையா இது?

அமெரிக்காவில் 1969-இல் பெண் விடுதலை இயக்கத்தின் கேரல் ஹானிஷுக்கும் இதே பிரச்சினை. பெண்கள் கூடி உட்கார்ந்து வீட்டு வேலை, கருக்கலைப்பு, படுக்கை என்று பேசினால், 'இது தெரபி (மனநல சிகிச்சை), அரசியல் இல்லை' என்று இயக்கத்துக்குள்ளேயே கிண்டல். அதற்குப் பதிலாக எழுதிய குறிப்புதான் தனிப்பட்டது அரசியல் என்ற தலைப்பில் பிறகு வந்தது. தலைப்பு தான் வைத்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். மோஸ்டின் ஹிஸ்டீரியா, எழுபது எண்பது வருடம் கழித்து தெரபி ஆகியிருக்கிறது.

நெறியாளர்:

இழை சூடாகிறது, நல்லது. தனிமனிதத் தாக்கு வேண்டாம். தனிச்செய்தியில் சிலர் கேட்டதற்கு: இது அனார்க்கிச வரலாற்றுப் பகுதி, இன்றைய கட்சி அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது.

பழையபேப்பர்:

குறுக்குக்கேள்வியின் பக்கத்துக்கு வலுவான ஆள் ஒருவரை நானே தருகிறேன். கனேகோ ஃபுமிகோ.

1903-இல் ஜப்பானில் பிறந்த அனார்க்கிஸ்ட். பிறப்பைப் பதிவே செய்யவில்லை, ஆகவே பள்ளிக்கூடத்துக்குக்கூட அவர் கணக்கில் இல்லாத ஆள். கொரியாவில் பாட்டி வீட்டில் வேலைக்காரி மாதிரி வளர்ந்து, டோக்கியோவில் பத்திரிகை விற்று, பாக் யோல் என்ற கொரியத் தோழரோடு வாழ்ந்தார். 1923 செப்டம்பர் நிலநடுக்கத்தை அடுத்து இருவரும் கைதானார்கள். அதே மாதம் ராணுவப் போலீஸ் இதோ நோயே என்ற பெண்ணியவாதியையும் அவருடைய துணைவரையும் ஆறு வயதுப் பையனையும் கொன்றது. ஃபுமிகோவுக்கு 1926 மார்ச்சில் மரண தண்டனை. பேரரசர் பெயரில் ஆயுளாகக் குறைத்த உத்தரவு வந்தபோது அதைக் கிழித்துப்போட்டார். ஜூலையில் சிறையிலேயே இறந்தார், 23 வயது.

சிறையில் அவர் எழுதிய தன்வரலாறு 1931-இல் வந்தது, எம்மாவுடையது வந்த அதே வருடம். நீ ஏன் இப்படி ஆனாய் என்று விசாரணை நீதிபதி கேட்டதற்காக எழுத ஆரம்பித்தது. பதிப்பிக்கும் நண்பருக்கு அவர் வைத்த வேண்டுகோள், அலங்காரம் வேண்டாம், சுற்றி வளைத்த அழகு வேண்டாம், எளிமையாக விடு என்பது. எம்மா ஓபரா மாதிரி உரக்கப் பாடுகிறவர் என்றால் இவர் சாட்சி சொல்கிறவர். அடி விழுந்த நாள், சோறு போடாமல் வெளியே நிறுத்திய நாள் என்று வரிசையாக வைத்துக்கொண்டே போகிறார். கோபத்தை நம்மிடம் விட்டுவிடுகிறார்.

குறுக்குக்கேள்வி:

இது நான் கேட்ட எழுத்து. ஃபுமிகோவைக் கோட்பாட்டில் வைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாம்ஷிப்ட்:

அதாவது அழாமல் எழுதினால் அனுமதி உண்டு?

குறுக்குக்கேள்வி:

அப்படி இல்லை. அவர் எழுதியதில் ஒரு நீதிபதிக்கு எதிரான வழக்கு இருக்கிறது. பதிவேட்டில் பெயரே இல்லாத ஆளாக வளர்ந்ததிலிருந்து அந்த வழக்கு தொடங்குகிறது. எம்மாவின் கடிதங்களில் அந்த மாதிரி எதிர்த்தரப்பு யார்?

இரண்டாம்ஷிப்ட்:

ரைட்மன்! அப்புறம் அவரே. இரண்டாவது எதிர்த்தரப்புதான் ரொம்பக் கஷ்டமானது, உங்களுக்குத் தெரியாததா.

எலுமிச்சை:

எனக்கு வேறொரு சந்தேகம். ஃபுமிகோவின் அந்த நிதானம் அவர் தேர்ந்தெடுத்ததா, சிறையில் நீதிபதி படிக்கப்போகிறார் என்பதால் வந்ததா? எம்மா செயின்ட் ட்ரோபேவில் நண்பர்கள் எடுத்துக்கொடுத்த வீட்டில், கையெழுத்துப் பிரதியைத் திருத்த பெர்க்மன் துணையோடு எழுதினார். இரண்டு மேஜையும் ஒன்றில்லை. அழுவதற்கும் கொஞ்சம் இடவசதி வேண்டும்.

பழையபேப்பர்:

இதை வட்டத்தில் அப்படியே படித்துக் காட்டப்போகிறேன் எலுமிச்சை, அனுமதி உண்டா? தலைப்புகளை எடுத்துவிட்டு வருட வரிசையில் போடலாம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தத் தோழர், "அப்ப புரூதோனோட 27-க்கு 8 பக்கத்தையும் சேர்த்துத்தான் படிக்கணும்" என்கிறார். சேர்ப்போம்.

எலுமிச்சை:

தாராளமாக. தெரிகூரின் பதிலையும் அந்தப் பக்கத்தோடு வையுங்கள், தனி நாளுக்குத் தள்ள வேண்டாம்.

தெற்குத்தெரு:

ஃபுமிகோ தமிழில் கிடைக்குமா? இல்லாவிட்டால் யாராவது நான்கு பக்கமாவது பெயர்த்துப் போடுங்கள். தட்டச்சு நான் செய்கிறேன்.